ஐம்பது மணி

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மூன்றாவது தடவையும் கட்டி தட்டிவிட்டது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு கதிர் போடும் சேம்பரிலிருந்து டியூப்களை எடுத்தேன். ஆறு டியூப். ஆறிலும் கறுப்பு அடியில் உட்கார்ந்திருந்தது, மேலே வெறும் தண்ணீர். குருவி ஒன்றை வாங்கி ஆட்டிப் பார்த்தாள். கலங்கியது. மேஜையில் வைத்ததும் மறுபடி உட்கார்ந்துகொண்டது. அவள் முகம் செத்துப்போயிற்று. ஆராய்ச்சி மாணவி, மூன்றாவது வருஷம். டப்பாவில் அவள் கொண்டுவரும் சாப்பாட்டின் அளவைப் பார்த்து நான்தான் குருவி என்று பெயர் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து கனைப்பு உள்ளே வந்தார். துறைத்தலைவரை நேரில் சார் என்பேன். இது என் நோட்டு, இங்கே அவர் கனைப்புதான். அறைக்குள் முதலில் தொண்டை வரும், அப்புறம்தான் ஆள் வருவார். டியூப்பைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. குருவியிடம் சொன்னார்: "உன் கரைசல்ல ஒரு குத்தமும் இல்ல. கதிர் போடுற இடத்துலதான் கோளாறு."

கதிர் போடுகிற இடம் என்றால் நான். அந்த அறையில் என்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? என் பெயரைச் சொல்லித் திட்டியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. இடமாம். நான் ஒரு இடம்.

ஆகஸ்ட் 6, புதன்

குழம்பில் உப்புப் போட மறந்தேன். கணவரும் மகளும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். அதற்கும் கோபம் வந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

பள்ளிக்கூடத்தில் "என் அம்மாவின் வேலை" என்று ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்களாம். மகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பென்சிலையே வைத்துச் சொன்னேன். இதன் கரியை ஏடு ஏடாக உரித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சும் ஒரே ஒரு ஏடு, அதுதான் கிராஃபீன். அது தண்ணீரில் கலக்காது. கலப்பதற்காக ஆக்சிஜனை ஒட்டவைப்பார்கள். அப்போது பார்க்க டீ மாதிரி இருக்கும். அம்மா அந்த டீயை ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடுவேன். உள்ளே கோபால்ட் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத கதிர் வரும். கதிர் தண்ணீரை உடைக்கும், உடைந்த தண்ணீர் ஒட்டியிருந்த ஆக்சிஜனைப் பிடுங்கும், டீ மையாகிவிடும். அளவாகப் பிடுங்கினால் நல்ல மை, அதை வடித்துப் படியவைத்தால் தண்ணீரில் இருக்கும் உப்பைத் தடுக்கும் சவ்வு. அதிகமாகப் பிடுங்கினால் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும்.

"எங்கம்மா டீயை மையாக்குவார்" என்று எழுதிவிட்டு எழுந்து போய்விட்டாள். சரிதான். அதிலாவது பிழையில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மெமோ வந்துவிட்டது.

"அளவுக்கு அதிகமாகக் கதிர் செலுத்தி மூன்று தொகுதி மாதிரிகளைப் பாழாக்கியது குறித்து, தங்கள் கதிர்க்கருவி இயக்குபவர் சான்றிதழை ஏன் ரத்து செய்யப் பரிந்துரைக்கக் கூடாது என்பதற்கு இரண்டு வாரங்களுக்குள் விளக்கம் அளிக்கவும்." கீழே கனைப்பின் கையெழுத்து. நகல் பாதுகாப்பு அலுவலருக்கு.

சான்றிதழ் போனால் நான் மறுபடி எந்த ஊரிலும் எந்தக் கதிர்ப்பெட்டியையும் தொட முடியாது. மருத்துவமனையில்கூட எடுக்க மாட்டார்கள். அளவு தவறியவள் என்று ஒரு தடவை எழுதிவிட்டால் எழுதினதுதான். இருபத்திரண்டு வயதில் ஆரம்பித்த வேலை இது, எனக்கு வேறு எதுவும் தெரியாது.

அளவாம். யாரிடம் வந்து அளவைப் பற்றிப் பேசுகிறார்? சேம்பர் வந்த புதிதில் ஒரு மணி நேரம் உள்ளே வைத்தால் படும் கதிரின் அளவு சரியாக ஒரு கிலோகிரே. ஐம்பது கிலோகிரே வேண்டுமா, ஐம்பது மணி நேரம். கணக்கே வேண்டாம். முதல் நாளே கனைப்பு சிரித்துக்கொண்டு சொன்னார்: "இனிமே கிலோகிரேயும் வேணாம் ஒண்ணும் வேணாம். பத்து மணி போடுங்க, அம்பது மணி போடுங்க, அவ்வளவுதான்." மாடி முழுக்க அதே பேச்சாகிவிட்டது. ஆனால் கோபால்ட் சும்மா இருக்குமா? மாசாமாசம் தேய்ந்துகொண்டே வரும். ஐந்தரை வருஷத்தில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. வாயில் மட்டும் அதே மணி. இன்று யாராவது வந்து "அம்பது மணி போடுங்கக்கா" என்றால் நான் நூற்று மூன்று மணி நேரம் வைக்கிறேன். மாசம் பிறந்தால் புது அட்டவணை போட்டுக் கதவில் ஒட்டுகிறேன். இதுவரை ஒருத்தராவது அதை நின்று படித்ததுண்டா?

இந்த மையைப் பற்றி அவரும் குருவியும் வெளியிட்ட கட்டுரையில் ஐம்பது கிலோகிரே என்று போட்டிருக்கிறது. நான் ஐம்பதுதான் கொடுத்தேன். மூன்று தடவையும்.

வீட்டில் இவர் மெமோவைப் படித்துவிட்டுச் சொன்னார்: "லிஃப்ட் நின்னா லிஃப்ட் மெக்கானிக்கைத்தான் திட்டுவாங்க. உள்ள எத்தனை பேர் ஏறினாங்கன்னு யாரு எண்ணுறா?" இருபது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அவர் மேலும் எரிச்சல்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் போய் அளவு சோதித்தேன். இரும்பு உப்புக் கரைசலைச் சின்னச் சின்ன சீசாவில் ஊற்றிப் பெட்டிக்குள் பன்னிரண்டு இடத்தில் வைத்து எடுத்தேன். எவ்வளவு கதிர் பட்டதோ அவ்வளவு நிறம் மாறும், பொய் சொல்லாது. அட்டவணைக்கும் அளந்ததற்கும் நூற்றுக்கு இரண்டுகூட வித்தியாசமில்லை.

தாளைக் கொண்டுபோய்க் கனைப்பின் மேஜையில் வைத்தேன். மூக்குக்கண்ணாடியைக்கூட எடுத்து மாட்டவில்லை.

"பெட்டியும் உங்க கையில, அளவும் நீங்களே எடுத்தா எப்படிம்மா? பரீட்சையும் எழுதி, பேப்பரும் திருத்துவீங்களா?"

பக்கத்தில் நின்ற எழுத்தர் சிரித்தார். தலைவர் சொன்னால் சிரிக்க வேண்டும் என்று சம்பளத்தில் எழுதியிருக்கும் போல.

"வடிகட்டி கம்பெனிக்கு அடுத்த மாசம் மாதிரி அனுப்பணும். பிப்ரவரியில அவ்வளவு அருமையா வந்துச்சு. இப்ப ஏன் வரல? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். படிக்கட்டில் வைத்து அழுதேன். துக்கத்தில் இல்லை. இதையும் இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன், ஆத்திரத்தில்தான் அழுதேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பிப்ரவரியில் ஏன் வந்தது? — பிப்ரவரியில் வந்த அந்தத் தொகுதியை நான் போட்ட ஞாபகமே இல்லையே. ஏன் இல்லை?

ஆகஸ்ட் 13, புதன்

குருவியிடம் பிப்ரவரி டியூப்பைக் கேட்டேன். அலமாரியின் பின்வரிசையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஆறு மாசமாகியும் ஒரு துளி அடியில் படியவில்லை, பேனாவில் ஊற்றி எழுதலாம் போல இருந்தது. சீட்டில் அவள் கையெழுத்து: 50. பிப்ரவரி 10.

பத்தாம் தேதி. மகளுக்கு ஏழாம் தேதி குடல்வால் ஆபரேஷன். ஐந்திலிருந்து பதினாறு வரை நான் லீவு. வார்டில் அவள் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துக் கிடந்தேன். பதினேழாம் தேதி வேலைக்குப் போனபோது கனைப்பு சொன்ன முதல் வார்த்தை, "உங்க லீவால எல்லாம் தள்ளிப்போச்சு." குழந்தை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு அது வலித்தது. அப்புறம் மறந்துவிட்டேன் என்று நினைத்தேன். மறக்கவில்லை.

"நான் இல்லாதப்ப இதை யாருடி பெட்டியில வச்சது?"

குருவி மேஜை விளிம்பைச் சுரண்டினாள். "சாரேதான் வச்சாருக்கா. அவர்கிட்ட ரெண்டாவது சாவி இருக்குல்ல. சனிக்கிழமை காலைல குடுத்தேன், திங்கக்கிழமை எடுத்துக் குடுத்தாரு. அம்பது மணி போட்டாச்சுன்னு சொன்னாரு. நான் அம்பது கிலோகிரேன்னு எழுதிக்கிட்டேன்."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலையேக்கா."

யாரும் கேட்கவில்லையாம். ஒருத்தி கழுத்துக்குக் கத்தி வந்து நிற்கிறது, இவளுக்கு யாராவது வந்து கேட்க வேண்டும். கத்திவிட்டேன். பக்கத்து அறைக் கதவு திறந்து மூடியது. "எனக்கு அவர் கையெழுத்து இல்லாம பட்டம் கிடைக்காதுக்கா" என்று மென்று முழுங்கினாள். தெரியும். தெரிந்தும் கத்தினேன். இப்போதும் வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

சனிக்கிழமை காலை கொடுத்தாள். திங்கட்கிழமை எடுத்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்து விரலை மடக்கி எண்ணினேன். பிப்ரவரியில் ஐம்பது கிலோகிரே கொடுக்க வேண்டுமென்றால் தொண்ணூற்றாறு மணி நேரம் உள்ளே இருந்திருக்க வேண்டும். முழுசாக நாலு நாள். சனியிலிருந்து திங்கள் வரை நாலு நாள் எங்கே இருக்கிறது?

ஓடிப்போய்ப் பதிவேட்டை எடுத்தேன். சேம்பர் மொத்தம் எவ்வளவு நேரம் ஓடியது என்று ஒரு மீட்டர் காட்டும். ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணை எழுதிவைப்பது என் வழக்கம். லீவுக்கு முதல்நாள் பழைய பதிவேடு கடைசிப் பக்கத்தோடு தீர்ந்துவிட்டது. கடைசி எண் 18,206. திரும்பி வந்ததும் புதுப் பதிவேடு. முதல் எண் 18,256.

ஐம்பது. ஒரு மணி கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

அவர் ஐம்பது கிலோகிரே கொடுக்கவே இல்லை. ஐம்பது *மணி நேரம்* வைத்திருக்கிறார். இருபத்தாறு கிலோகிரேதான் பட்டிருக்கிறது. அது நல்ல மையாகிவிட்டது. கட்டுரையில் ஐம்பது என்று போட்டு ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். அந்த ஐம்பதை நான் ஒழுங்காகக் கொடுத்தேன், கட்டி தட்டியது. ஒழுங்காகச் செய்ததற்குத்தான் எனக்கு மெமோ.

கோபால்ட் தேய்வதைப் பற்றி வருஷம் தவறாமல் பாடம் எடுக்கிறவர். பரீட்சையில் பையன்கள் அந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டால் சிவப்பு மையில் கிழிக்கிறவர். அவருக்கா தெரியாது? தெரியும். ஆனால் அதற்கு முன் நாலு வருஷமாக அவர் கை பெட்டியைத் தொட்டதில்லை. "மணி" என்பது அவர் வாய் வைத்த பெயர், அவரே அதில் விழுந்தார். கதவில் அட்டவணை ஒட்டியிருந்ததே, கண்ணுக்கு நேராக!

பதிவேட்டிலும் எழுதவில்லை. சொந்த வீட்டு அலமாரி மாதிரி திறந்திருக்கிறார், மூடியிருக்கிறார்.

என்னையும் விடக் கூடாது. புதுப் பதிவேடு தொடங்கும்போது பழையதின் கடைசி எண்ணோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. அன்றைக்கு மகளின் தையல் பிரிக்கும் நாள், மீட்டரைப் பார்த்து எழுதிவிட்டு ஓடினேன். பார்த்திருந்தால் பிப்ரவரியிலேயே கேட்டிருப்பேன். ஆறு மாசம் அந்த ஐம்பது என் கையெழுத்திலேயே அங்கே கிடந்திருக்கிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நேரே போய் மூக்கை உடைக்க வேண்டும். எல்லார் முன்னாலும். எழுத்தர் முன்னால்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். "சார், பேப்பரைத் திருத்தினது நான்தான், ஆனா எழுதினது நீங்க." நன்றாக இருந்தது. மூன்று தடவை சொன்னேன். மகள் கதவைத் தட்டி, "உள்ள யாரும்மா?" என்றாள்.

இவர் சொன்னார்: "கத்துறதுக்கு முன்னாடி ஓட்டிக் காட்டிடு. நான் லிஃப்ட்டை வாயால ரிப்பேர் பண்றதில்ல." கேட்கப் பிடிக்கவில்லை. ஆனால் சரி.

ஆகஸ்ட் 18, திங்கள்

பிடிக்கவில்லை என்றாலும் குருவியிடம்தான் போய் நிற்க வேண்டியிருந்தது. கரைசல் அவளுடையது. படிவத்தில் ஆராய்ச்சியாளர் கையெழுத்து இல்லாமல் நான் பெட்டியைத் திறக்க மாட்டேன். நானும் திறந்தால் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

விஷயத்தைச் சொன்னேன். முதலில் வெளுத்தாள். கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது, அந்தத் தப்பும் அவள் தலையில்தான் விடியும்.

அப்புறம் பேனாவை எடுத்தாள். அளவு: 26 கிலோகிரே. கையெழுத்து. "மணின்னு எழுதலக்கா" என்றாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலை பத்து மணிக்கு வைத்தேன். ஆறு டியூப். இன்றைய கணக்கில் இருபத்தாறு கிலோகிரேக்கு ஐம்பத்து நாலு மணி நேரம். வியாழன் மாலை நாலு.

மெமோவுக்குப் பதில் வெள்ளிக்கிழமைக்குள்.

ஆகஸ்ட் 20, புதன்

கனைப்பு வராந்தாவில் எதிரே வந்தார். "விளக்கம் எழுதிட்டீங்களாம்மா?" என்றார். "எழுதிட்டிருக்கேன் சார்" என்றேன். உள்ளங்கையில் நகம் பதிந்திருந்தது, வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மை.

ஆறு டியூப்பும் மை. ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்தேன். கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போயிற்று, அடியில் ஒரு பொட்டு இல்லை. குருவி உடனே வடித்துச் சவ்வு போட்டு உப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். உப்பைத் தடுத்த அளவு பிப்ரவரி எண்ணேதான். என்னைக் கட்டிக்கொண்டாள், கோட்டெல்லாம் கறுப்பு.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வரவில்லை. மூன்று வாரம் நான் தூங்காததை யார் திருப்பித் தருவார்கள்?

ஆகஸ்ட் 22, வெள்ளி

விளக்கத்தைக் காலையிலேயே கொடுத்தேன், விசாரணை பதினொரு மணிக்கு, பாதுகாப்பு அலுவலர் அறையில். மெதுவாகப் பேசுகிற மனிதர், எந்தச் சொல்லைச் சொன்னாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறவர். போன வருஷம் என்னிடம் "கிட்டத்தட்ட" என்றால் எவ்வளவு என்று கேட்டு உயிரை வாங்கினார்.

நான் டியூப்களை மேஜையில் வைத்தேன். இடப்பக்கம் கட்டி, வலப்பக்கம் மை, நடுவில் பிப்ரவரி. இரண்டு பதிவேட்டையும் விரித்துவைத்தேன். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்ததெல்லாம் தொண்டை வரை வந்து நின்றது.

அலுவலர் கனைப்பிடம் கேட்டார்: "பிப்ரவரியில இதை யாரு வச்சாங்க?"

கனைத்தார். "நான்தான். இவங்க லீவு. வேலை நிக்கக் கூடாதுல்ல."

"எவ்வளவு குடுத்தீங்க?"

"அம்பது மணி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சனிக்கிழமை ஒம்பதுக்கு வச்சேன், திங்கக்கிழமை பதினொண்ணுக்கு எடுத்தேன். கரெக்டா அம்பது மணி."

அலுவலர் பேனாவை நிறுத்தினார். "மணின்னா என்ன சார்?"

"மணின்னா..." என்று ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். வாய் திறந்தபடி நின்றது. நடு டியூப்பைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். உதடு அசைந்தது, கணக்குப் போட்டார், தெரிந்தது. முதல் தடவையாகக் கனைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச இடமே இல்லை. மூன்று வாரமாகச் சேர்த்துவைத்ததெல்லாம் உள்ளேயே நின்றுவிட்டது. ஜெயித்தவளுக்கு இப்படித்தான் இருக்குமா? எனக்கு அவரைத் திட்ட வேண்டியிருந்தது. யாரோ அதையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

"மேற்படி குறிப்பாணை திரும்பப் பெறப்படுகிறது."

ஒரு வரி. "வருந்துகிறோம்" இல்லை, "தவறு எங்களுடையது" என்பதும் இல்லை. பெறப்படுகிறது. யார் பெறுகிறார்கள்? அதுவாகவே வந்ததாம், அதுவாகவே போகிறதாம். பூசி மெழுகுவதற்கென்றே ஒரு தமிழ் வைத்திருக்கிறார்கள்.

எழுத்தர் கொண்டுவந்து கொடுத்தார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே" என்றார். "யாருக்கு?" என்று கேட்டேன். இன்றைக்குச் சிரிக்கவில்லை அவர்.

ஆகஸ்ட் 27, புதன்

பதிவு செய்யாமல் பெட்டியைத் திறந்ததற்காகப் பாதுகாப்பு அலுவலர் இரண்டாவது சாவியை வாங்கிவிட்டார். இப்போது இரண்டும் என் பெட்டகத்தில். இனி யாருக்குக் கதிர் வேண்டுமானாலும் படிவம் எழுதி என்னிடம்தான் வர வேண்டும். யாருக்கானாலும்.

கட்டுரைக்குத் திருத்தம் அனுப்பியாயிற்று என்று குருவி சொன்னாள். எழுதியது அவள். "பிழை என்னுடையதுன்னு ஒரு வரி சாரே சேர்த்தாருக்கா. உன் பேரு கெட வேணாம்னாரு." அதைக் கேட்டதும் கோபம் ஒரு பிடி குறைந்தது. குறைந்ததே என்று மறுபடி கோபம்.

செப்டம்பர் 3, புதன்

காலையில் தபால் தட்டில் ஒரு படிவம். கம்பெனி மாதிரிக்கு, இருபது டியூப். கையெழுத்து கனைப்பு. அளவு என்ற இடத்தில் "26 மணி" என்று எழுதியிருந்தது. "மணி"யை அடித்திருந்தார், தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி. மேலே கிலோகிரே.

தேதி போடவில்லை. "தேதி இல்லை" என்று பென்சிலில் எழுதித் திருப்பி அனுப்பினேன். வேண்டுமென்றேதான். விதியும் அதுதான்.

மதியம் அவரே வந்தார். கதவுக்கு வெளியே தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறது, அனுமதியில்லாமல் தாண்டக் கூடாது. ஐந்து வருஷமாகத் தாண்டிக்கொண்டிருந்தவர். இன்று கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார். செப்டம்பர் அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தார். நான் தலையைத் தூக்கவில்லை. அவர் கனைக்கவில்லை.

"பாப்பாவுக்கு," என்றார், "அந்த ஆபரேஷன்... இப்ப எப்படிம்மா இருக்கு?"

ஏழு மாசம். நாக்கு நுனியில் எத்தனையோ வந்தது.

"தழும்பு மட்டும் இருக்கு சார்" என்றேன். "தேதி போடுங்க."

படிவத்தைச் சுவரில் வைத்து எழுதினார். தேதி போட்டார். பக்கத்தில் யாரும் கேட்காமலே நேரத்தையும் போட்டார், இரண்டு மணி பத்து நிமிடம். வாங்கிக்கொண்டேன்.